கேமல் 3-இலிருந்து கேமல் 4-க்கு: ஒரு காரைக்குடிப் பலகாரக் கடையை வைத்து முழுமையான வழிகாட்டி

வெவ்வேறு மென்பொருள்களை இணைத்து அவற்றுக்கு நடுவே தரவைக் கடத்தும் ஜாவா கருவியான அப்பாச்சி கேமலின் நான்காம் பதிப்பு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் பிறகு 4.4, 4.8, 4.10, 4.14 என்று எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்புகள் வரிசையாக வந்துவிட்டன. ஆனாலும் சிறிய ஊர்களில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இணைப்பு வேலை செய்து கொடுக்கும் பலர் இன்னும் 3.14-ஐ ஜாவா 8 மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிறது, யாரும் தொடுவதில்லை. கடைக் கணக்குப்பிள்ளையும் அதையேதான் கேட்பார்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே தம்பி ஓடுச்சு, இப்ப ஏன் மாத்தணும்?"

அவருக்குச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, 3.14-க்கான ஆதரவு 2023 டிசம்பரிலும், மூன்றாம் வரிசையின் கடைசி எல்டிஎஸ் ஆன 3.22-க்கான ஆதரவு 2024 டிசம்பரிலும் முடிந்துவிட்டன. இரண்டாவது, 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-27636 என்ற பாதுகாப்புக் குறை. வெளியிலிருந்து வரும் எச்டிடிபி கோரிக்கையில் கேமலின் உள் ஹெடர்கள் (செய்தியோடு சேர்ந்து போகும் குறிப்புகள்) இருந்தால் அவற்றை வடிகட்டிவிட வேண்டும். அந்த வடிகட்டி 'கேமல்' என்று தொடங்கும் ஹெடர்களைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வைத்து அடையாளம் கண்டது. எழுத்துகளைக் கலந்து அனுப்பினால் தடுக்காமல் விட்டுவிட்டது. ரூட்டில் (கேமலில் தரவு போகும் வழி) பீன் காம்பொனென்ட் (ஜாவா நிரலை அழைக்கும் பாகம்) இருந்தால், எந்த மெத்தடை அழைப்பது என்பதையே வெளியாள் மாற்றிவிடலாம். 4.10.2, 4.8.5, 3.22.4 ஆகியவற்றில் இது சரிசெய்யப்பட்டது. இணையதளத்திலிருந்து நேராக ஆர்டர் வாங்கும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்த வழிகாட்டியில் போய்ச் சேரும் இடமாக 4.14-ஐ வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்கும்போது அதற்கு அடுத்த எல்டிஎஸ் வந்திருந்தால் அதையே எடுங்கள். கேமலில் ஒரு எல்டிஎஸ் பதிப்புக்கு ஓராண்டுதான் ஆதரவு.

எடுத்துக்கொண்ட அமைப்பு

காரைக்குடியில் ஒரு பலகார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல், கைமுறுக்கு எல்லாம் போட்டு வெளியூருக்கும் அனுப்புகிறார்கள். இணையதள ஆர்டர் ஜேசனாக வருகிறது. கடை பில்லிங் கணினி, தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பை விண்டோஸ் பகிர்வு ஃபோல்டரில் போடுகிறது. கணக்கு டேலியில் இருக்கிறது. டேலி எக்ஸ்எம்எல்லை எச்டிடிபி வழியாக, வழக்கமாக 9000 போர்ட்டில், வாங்கிக்கொள்ளும். வங்கி அறிக்கை எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை மூலம் வருகிறது. நடுவில், செய்திகளை வாங்கி வரிசையில் வைத்துத் தரும் ஆக்டிவ்எம்க்யூ ஒன்று. இந்த நாலையும் இணைப்பது, ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தின் மேல் ஓடும் கேமல்.

அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளின் கணக்கை ஊரிலிருந்த முதலாளியின் பேரேட்டோடு ஒத்துவைத்த வேலைதான் இதுவும். முறைகள் வேறு, ஒத்துவரவில்லை என்றால் வரும் தலைவலி அதேதான்.

எது எதன் மேல் ஓடும்

புதிய வசதிகளின் பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள்.

- கேமல் 3.14: ஜாவா 8, 11
- கேமல் 3.22: ஜாவா 11, 17, ஸ்பிரிங் பூட் 2.7
- கேமல் 4.0: ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3.1
- கேமல் 4.4: ஜாவா 17, 21, ஸ்பிரிங் பூட் 3.2
- கேமல் 4.8: ஜாவா 17, 21, ஸ்பிரிங் பூட் 3.3
- கேமல் 4.10: ஜாவா 17, 21, ஸ்பிரிங் பூட் 3.4
- கேமல் 4.14: ஜாவா 17, 21, ஸ்பிரிங் பூட் 3.5

இந்தப் பட்டியலில் இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது ஜாவா 17. 3.22 அதில் ஓடும், 4.14-உம் ஓடும். அதனால் 3.14-இலிருந்து நேராக 4.14-க்குத் தாவ வேண்டாம். முதலில் ஜாவா 17-ஓடு 3.22. அது ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு 4.14. ஜாவா, ஸ்பிரிங் பூட், கேமல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிழை வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிப்பதிலேயே வாரம் போய்விடும்.

பழைய ஜாவாவில் புதிய நிரல் ஓடப் பார்த்தால், ஆதரிக்கப்படாத கிளாஸ் பதிப்பு என்ற பிழையில் ஒரு எண் வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. '61 தேவை, 52 வரைதான் தெரியும்' என்ற பொருளில் ஒரு வரி வந்தால், ஜாவாவை நிறுவிவிட்டீர்கள், ஆனால் விண்டோஸ் சர்வீஸ் இன்னும் பழைய ஜாவா பாதையையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜாவா ஹோம் மாறியை மாற்றினால் மட்டும் போதாது, சர்வீஸ் அமைப்புக்குள்ளும் போய் மாற்ற வேண்டும்.

கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்றும் பாருங்கள். கடைகளின் பின்னறையில் இன்னும் 32 பிட் விண்டோஸ் கிடக்கிறது. 32 பிட் விண்டோஸுக்கான ஜாவா, ஜேடிகே 21-இல் 'நீக்கப்படவிருக்கிறது' என்று குறிக்கப்பட்டு, 24-இல் நீக்கப்பட்டே விட்டது. அந்தக் கணினியில் மேலும் காசு போடாமல், கேமலை வேறு 64 பிட் கணினிக்குக் கொண்டுபோய்விடுவதுதான் என் யோசனை. பில்லிங் அங்கேயே இருக்கட்டும்.

படி 1: நீக்கப்பட்டவற்றைத் தேடுங்கள்

திட்டத்துக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் மேவன் கோப்பைத் திறந்து கேமல் என்று தொடங்கும் சார்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கேமல் 4-இல் பல காம்பொனென்ட்டுகள் போய்விட்டன. நம் மாதிரி வேலைகளில் அடிக்கடி தட்டுப்படுபவை இவை:

- விஎம் போய்விட்டது, அதற்குப் பதில் சேடா
- ரேபிட்எம்க்யூ போய்விட்டது, அதற்குப் பதில் ஸ்பிரிங் ரேபிட்எம்க்யூ
- ஸ்வாகர் ஜாவா போய்விட்டது, அதற்குப் பதில் ஓப்பன்ஏபிஐ ஜாவா
- டோசர் போய்விட்டது, மேப்ஸ்ட்ரக்ட்டுக்கு மாறலாம்
- எக்ஸ்ஸ்ட்ரீம் போய்விட்டது, ஜாக்சன் எக்ஸ்எம்எல் அல்லது ஜேஏஎக்ஸ்பி

விஎம் இருந்த இடத்தில் சேடாவை வைக்கும்போது ஒரு விஷயம். விஎம், ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஓடும் வெவ்வேறு கேமல் சூழல்களுக்கு நடுவே செய்தி அனுப்பும். சேடா ஒரே சூழலுக்குள் மட்டும். ஸ்பிரிங் பூட்டில் பெரும்பாலும் ஒரே சூழல்தான் என்பதால் பெயரை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். ஒரே டாம்கேட்டில் இரண்டு வார் கோப்புகளைப் போட்டு விஎம் வழியாகப் பேசவைத்தவர்கள் மட்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவர்களுக்கு ஆக்டிவ்எம்க்யூதான் நல்லது.

ஜேயூனிட் 4-க்கான சோதனைத் தொகுப்புகளும் இல்லை. சோதனைகள் எழுதியிருந்தால் ஜேயூனிட் 5-க்கு மாற்றுங்கள். எழுதவே இல்லை என்றால், டேலிக்குப் போகும் ரூட்டுக்கு மட்டுமாவது ஒன்று எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

படி 2: ஜாவா 17, கேமல் 3.22

இந்தப் படியில்தான் எதிர்பாராத அடிகள் அதிகம் விழும்.

முதல் அடி, ஜாவா தரவை எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும் ஜேஏஎக்ஸ்பி. ஜாவா 8-இல் கூடவே இருந்தது, ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள். டேலிக்கு எக்ஸ்எம்எல் தயாரிக்கும் நிரல் கம்பைலே ஆகாது. தனிச் சார்பாகச் சேர்த்தால் சரி. அதேபோல் ஜாவாவுக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான நாஷார்ன் 15-இல் போனது. விலைத் தள்ளுபடிக் கணக்கை ரூட்டுக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தால் அதை ஜாவாவுக்கோ குரூவிக்கோ மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது அடி, வங்கியின் எஸ்எஃப்டிபி. கேமலின் பழைய பதிப்புகள் ஜேஎஸ்சிஎச் நூலகத்தின் அசல் வடிவத்தைப் பயன்படுத்தின. அது பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. இப்போதைய பதிப்புகள் அதிலிருந்து கிளைத்து, தொடர்ந்து பராமரிக்கப்படும் வடிவத்துக்கு மாறிவிட்டன. அந்தப் புதிய வடிவம், எஸ்ஹெச்ஏ-1 கையொப்பத்தை நம்பும் பழைய எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ முறையை இயல்பாகவே ஏற்காது. எதிர்முனை பழைய சர்வராக இருந்தால் 'அல்காரிதம் பேச்சுவார்த்தை தோல்வி' என்ற பொருளில் ஒரு பிழை வந்து நின்றுவிடும். பாஸ்வேர்டு தப்போ என்று அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: எதிர்த்தரப்பிடம் புதிய வகை ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவி) கேளுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றால், எஸ்எஃப்டிபி எண்ட்பாயிண்ட்டில் (ரூட்டில் வெளி இணைப்பைக் குறிக்கும் முகவரி) சர்வர் ஹோஸ்ட் கீ வகைகளையும் ஏற்கப்படும் பொதுச்சாவி அல்காரிதங்களையும் குறிப்பிடத் தனித்தனி விருப்பங்கள் உண்டு. அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் பழைய வகையைச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்த ஜேவிஎம்முக்கும் பாதுகாப்பைத் தளர்த்திவிடாதீர்கள்.

எச்டிடிபிஎஸ் பக்கமும் இதே கதைதான். ஜாவா 17-இல் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, நம் மொழி சம்பந்தப்பட்டது. ஆங்கில வழிகாட்டிகளில் இதைத் தேடினாலும் எளிதில் அகப்படாது. ஜாவா 17 வரை, எழுத்துக்குறியீட்டை நீங்கள் சொல்லாவிட்டால் ஜாவா இயங்குதளத்தின் இயல்பான குறியீட்டை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. சிஎஸ்வியில் 'சீப்புச்சீடை' என்று இருப்பது, படித்து எழுதி டேலிக்குப் போகும் வழியில் வரிசையாகக் கேள்விக்குறிகளாகவோ புரியாத கிறுக்கல்களாகவோ மாறிவிடும். ஜாவா 18 முதல் எல்லா இயங்குதளத்திலும் இயல்பு யூடிஎஃப்-8. எனவே 17-இல் தப்பாக வந்தது 21-இல் தானாகச் சரியாகும். லினக்ஸில் சோதித்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவதும் இதனால்தான் ஆபத்து. அங்கே முதலிலிருந்தே யூடிஎஃப்-8 ஆக இருந்திருக்கும்.

தானாகச் சரியாகட்டும் என்று விடுவதைவிட, கோப்பைப் படிக்கும் எண்ட்பாயிண்ட்டில் கேரக்டர்செட் விருப்பமாக யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். 17-இல் ஓடும் வரை ஜேவிஎம்முக்கும் கோப்புக் குறியீட்டு அமைப்பைக் கொடுங்கள். எக்ஸெல்லில் இருந்து சேமிக்கப்பட்ட யூடிஎஃப்-8 சிஎஸ்வியின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'பில் எண்' என்ற நெடுவரிசையைக் காணோம் என்று நிரல் சொல்லும், நமக்கோ கண் முன்னால் தெரியும். அந்தக் குறியை உரித்துவிட்டுப் படிக்க வேண்டும்.

இந்த மூன்றும் தாண்டினால் 3.22 ஜாவா 17-இல் ஓடும். ஒரு மாதக் கணக்கு முடிக்கும் வரை அப்படியே விடுங்கள். மாதக் கடைசி, மாதத் தொடக்கம் இரண்டிலும்தான் கணக்கு ரூட்டுகள் உண்மையில் சோதிக்கப்படுகின்றன.

படி 3: ஜாவாக்ஸ் என்பதை ஜகார்த்தா ஆக்குதல்

3.22-இலிருந்து 4.14-க்குப் போகும் வேலை இங்கே தொடங்குகிறது. ஜாவா ஈஈ-ஐ (நிறுவன மென்பொருளுக்கான ஜாவா) ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பிறகு, ஜகார்த்தா ஈஈ 9-இல் பேக்கேஜ் பெயர்கள் ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா ஆயின. ஸ்பிரிங் பூட் 3-உம் கேமல் 4-உம் புதிய பெயர்களைத்தான் பயன்படுத்துகின்றன.

எடிட்டரில் 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தட்டிவிட வேண்டாம். ஜேஎம்எஸ், பெர்சிஸ்டென்ஸ், சர்வ்லெட், மெயில், எக்ஸ்எம்எல் பைண்ட் ஆகியவை மாறும். ஆனால் ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் கிரிப்டோ, ஜாவாக்ஸ் நெட் எஸ்எஸ்எல், ஜாவாக்ஸ் எக்ஸ்எம்எல் பார்சர்ஸ் போன்றவை ஜாவாவின் சொந்தச் சொத்து. அவை அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் டேட்டாபேஸ் இணைப்பு நிரலே உடையும். ஓப்பன்ரீரைட் என்ற கருவி இந்த வேறுபாட்டைத் தெரிந்து மாற்றித் தரும். கேமல் பதிப்பு உயர்த்துவதற்கென்றே அதில் செய்முறைகள் இருக்கின்றன. அதை ஓட்டிவிட்டு, மாறிய வரிகளைக் கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) காட்டும் வேறுபாட்டில் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஆக்டிவ்எம்க்யூ இருந்தால் இங்கே கவனம் தேவை. ஆக்டிவ்எம்க்யூ 6 ஜகார்த்தா பெயர்களுக்கு மாறியது, அதற்கு ஜாவா 17 தேவை. கேமலிலும் 5-ஆம் வரிசைக்கு ஒரு காம்பொனென்ட், 6-க்கு 4.7-இல் வந்த தனிக் காம்பொனென்ட் என்று இரண்டு இருக்கின்றன. எந்த புரோக்கர் ஓடுகிறது என்று பார்த்துச் சேருங்கள்.

எச்டிடிபி காம்பொனென்ட்டின் உள்ளே அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட் 4 போய் 5 வந்திருக்கிறது. நேர வரம்பு விருப்பங்களின் பெயர்கள் மாறியிருப்பதால் டேலி அழைப்பில் நீங்கள் வைத்திருந்தவற்றைச் சரிபாருங்கள்.

படி 4: புதிய வசதிகள், எது நமக்கு?

வெளியீட்டுக் குறிப்புகளில் நீளமான பட்டியல் இருக்கும். லாங்செயின்4ஜே இணைப்புகள், விர்ச்சுவல் திரெட் எல்லாம் வரும். நாளைக்குச் சில நூறு பில் போடும் கடைக்கு விர்ச்சுவல் திரெட் ஒன்றும் செய்யாது. உண்மையில் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

*மாறிகள்.* 4.4-இல் வந்தது. என் கணக்கில் நான்காம் வரிசையின் மிக நல்ல சேர்க்கை இதுதான். ஆர்டர் ஜேசன் உள்ளே வந்துவிட்டது. அதை டேலியில் ஏற்றும் முன் இந்த வாடிக்கையாளருக்கு டேலியில் லெட்ஜர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டதும், டேலியின் பதில் வந்து மெசேஜ் பாடியில் உட்கார்ந்துகொள்ளும், ஆர்டர் போய்விடும். இதற்காகத்தான் நாம் ஆர்டரை ஹெடரிலோ பிராப்பர்ட்டியிலோ ஒளித்து வைத்து, பிறகு எடுத்து வைப்போம். ஹெடரில் வைத்தால் அது அடுத்த எச்டிடிபி அழைப்போடு சேர்ந்து வெளியே போகவும் கூடும். இப்போது அழைப்பிலேயே 'பதிலை லெட்ஜர் என்ற மாறியில் போடு' என்று சொல்லிவிடலாம். பாடியும் ஹெடரும் அழைப்புக்கு முன் இருந்தபடியே இருக்கும். அனுப்புவதற்கும் இதேபோல் ஒரு மாறியைக் காட்டலாம். ஒளித்து வைக்கும் வரிகள் எல்லாம் போய், ரூட்டைப் படித்தால் என்ன நடக்கிறது என்று தெரியும்.

*எஸ்எம்பி.* 4.3-இல் வந்த காம்பொனென்ட். விண்டோஸ் பகிர்வு ஃபோல்டரை நேரடியாகப் படிக்கும். இதுவரை என்ன செய்தோம்? இசட் டிரைவ் என்று மேப் செய்தோம். நாம் உட்கார்ந்து ஓட்டும்போது ஓடும், சர்வீஸாக வைத்தால் ஃபோல்டரே இல்லை என்று சொல்லும். மேப் செய்த டிரைவ் எழுத்து, உள்நுழைந்த பயனரின் அமர்வுக்கு மட்டும் சொந்தம்; சர்வீஸ் வேறு அமர்வில் ஓடுகிறது. எஸ்எம்பியில் கணினிப் பெயர், பகிர்வுப் பெயர், பயனர், பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். அந்தப் பயனருக்கு அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

*ஜேபேங் வழிக் கட்டளைகள்.* ஜாவா கோப்பை நேரடியாக ஓட்டும் ஜேபேங் கருவி வழியாகக் கேமலை ஓட்டுவது. கேமல் 3-இன் பின்பகுதியிலேயே வந்தாலும் 4-இல்தான் நன்றாக வளர்ந்தது. மேவன் திட்டம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு யாமல் அல்லது ஜாவா கோப்பை எழுதி, கேமல் ரன் என்று ஓட்டலாம். டெவ் விருப்பத்தோடு ஓட்டினால் கோப்பைச் சேமித்த உடனே ரூட் மீண்டும் ஏறும். கடையில் உட்கார்ந்து, கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிஎஸ்வி வடிவத்தைச் சரிபார்க்க இதைப் போல் வசதி வேறில்லை. வேலை முடிந்ததும் எக்ஸ்போர்ட் கட்டளையால் அதையே ஸ்பிரிங் பூட் அல்லது குவார்க்கஸ் திட்டமாக மாற்றிக்கொள்ளலாம்.

*ஒப்பந்தம் முதலில்.* 4.6 முதல், சேவையின் முகவரிகளையும் தரவு வடிவத்தையும் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கொடுத்தால் ரெஸ்ட் சேவையின் முகவரிகள் அதிலிருந்தே அமையும். ஒவ்வொரு செயல்பாட்டு அடையாளத்துக்கும் அதே பெயரில் ஒரு டைரக்ட் ரூட் எழுதினால் போதும். இணையதளத்தை வேறொருவர் செய்கிறார் என்றால் இருவரும் ஒரே கோப்பைப் பார்த்துப் பேசலாம்.

*கண்காணிப்பு.* நலம், அளவீடு, தடம் மூன்றையும் ஒரே சார்பில் சேர்க்கும் அப்சர்வபிலிட்டி தொகுப்பு 4.9-இல் வந்தது. சேர்த்துவிடுங்கள், செலவில்லை.

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இது கட்டாயம். அந்த இணைப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் ரூட்டை இந்த மாற்றத்தில் கடைசியாகத் தொடுங்கள்.

படி 5: மாற்றும் நாள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் கல்யாண மாதங்களும் வேண்டாம். பலகாரக் கடையில் அப்போது யாரும் உங்கள் ஃபோனை எடுக்கவும் மாட்டார்கள்.

பெரிய ஆபத்து, ஒரே பில் டேலியில் இரண்டு தடவை ஏறுவது. கேமல் கோப்பை எடுத்து முடித்ததும் இயல்பாக ஒரு துணை ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். ஆனால் பில்லிங் மென்பொருள் பழைய கோப்புகளை அங்கேயே எதிர்பார்ப்பதால், பலர் நகர்த்தாமல் விடும் நோ-ஆப் விருப்பத்தை வைத்திருப்பார்கள். அப்போது எந்தக் கோப்பைப் பார்த்தாயிற்று என்பதை ஐடெம்பொட்டன்ட் சேமிப்பகம் (ஒரே கோப்பை இரண்டாம் முறை எடுக்காமல் காக்கும் பதிவேடு) தான் நினைவில் வைக்கிறது. அதன் இயல்பான அடையாளம் கோப்பின் முழுப் பாதை. நீங்கள் இசட் டிரைவிலிருந்து எஸ்எம்பிக்கு மாறினால் பாதையும் மாறும். கேமலுக்கு ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புமே புதிது. வருஷம் முழுக்கப் போட்ட பில்லையும் மறுபடி டேலிக்கு அனுப்பிவிடும்.

இதைத் தவிர்க்க வரிசை இதுதான்:

1. மாலையில் கடை மூடிய பிறகு பழைய கேமலை நிறுத்துங்கள். சேமிப்பகத்தையும் டேலி தரவையும் பேக்கப் எடுங்கள்.
2. முடிந்துபோன சிஎஸ்வி கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அன்றைய கோப்பு மட்டும் ஏறிவிட்டதா என்று டேலியில் பார்த்து முடிவெடுங்கள்.
3. புதிய ரூட்டில் அடையாளமாகக் கோப்பின் பெயரையும் அளவையும் சேர்த்து வையுங்கள். இனிமேல் பாதை மாறினாலும் கவலையில்லை.
4. சேமிப்பகத்தை நினைவகத்தில் வைக்காமல் கோப்பிலோ டேட்டாபேஸிலோ வையுங்கள். நினைவகத்தில் இருப்பது மறுதொடக்கத்தில் போய்விடும்.
5. டேலிக்குப் போகும் கடைசி எண்ட்பாயிண்ட்டை முதலில் ஒரு சாதாரண ஃபோல்டருக்குத் திருப்பி, வெளியே வரும் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சரியா, தேதி வடிவம் சரியா, தொகை சரியா?
6. சரி என்றால் டேலிக்குத் திருப்பி, ஒரே ஒரு பில்லை அனுப்புங்கள். கணக்குப்பிள்ளை தன் திரையில் பார்த்துச் சொன்ன பிறகு மீதியைத் திறந்துவிடுங்கள்.

பழைய ஜார் கோப்பையும் ஜாவா 17-ஐயும் அந்த மாதக் கணக்கு முடியும் வரை அழிக்க வேண்டாம். திரும்பப் போக நேர்ந்தால் போக வேண்டியது 3.22-க்குத்தான். அதனால்தான் நடுவில் அங்கே ஒரு மாதம் இருக்கச் சொன்னேன். மாதம் முடிந்ததும் பழைய சர்வீஸை நீக்கிவிடுங்கள். யாராவது கணினியை அணைத்துப் போட்டால், தானாகத் தொடங்கும் பட்டியலில் இருக்கும் பழைய கேமலும் கூடவே எழுந்து அதே ஃபோல்டரைப் படிக்கத் தொடங்கிவிடும்.